படிக்கட்டில் எரிந்த விளக்கு

எனக்குக் கோபம் வந்தால் கை நடுங்காது. மற்றவர்களுக்கு எப்படியோ, எனக்கு அப்படித்தான். சாந்தமாக இருக்கும்போது தோசைக்கரண்டிகூடக் கைநழுவி விழும். யாராவது வாயைக் கிளறிவிட்டால் போதும், கை கல் மாதிரி நின்றுவிடும். தூரிகையைத் தொடும் முன் மனதை அமைதிப்படுத்த வேண்டும், மூச்சைச் சீராக்க வேண்டும் என்று ஞாயிற்றுக்கிழமை ஓவிய வகுப்பில் சொல்லித் தந்தார்கள். நான் நன்றாகத் தலையாட்டிவிட்டு, காலையில் என்னோடு மல்லுக்கு நின்ற காய்கறிக்காரியை நினைத்துக்கொண்டு கோடு இழுப்பேன். வகுப்பிலேயே நேரான கோடு என்னுடையதுதான்.

ரங்கூனில் லான்மடா பேட்டையில் ஒரு சீனக் குடும்பத்தின் தாள் கடையில் வேலை பார்க்கிறேன். சீனப் புத்தாண்டுக்கு வாசலில் ஒட்டும் சிவப்புத் தாள், மை, தூரிகை, ஊதுபத்தி எல்லாம் விற்போம். ஓவியத்துக்கென்றே சீனத்திலிருந்து வரும் ஒரு வெள்ளைத் தாளும் உண்டு. தொட்டால் பழைய வேட்டி மாதிரி இருக்கும், மையைத் தொட்டு வைத்தால் சொட்டு விடாமல் குடித்துவிடும். மழைக்காலத்தில் ஓரம் பூத்துப்போன தாள்களைத் தூக்கிப் போடச் சொல்வார்கள். எனக்கு மனசு வராது. வீட்டுக்குக் கொண்டுபோய், விலை எழுதுகிற தூரிகையால் எதிர்ச்சுவரைப் பார்த்துக் கிறுக்குவேன். ஏன் சுவர் என்று கேட்டால், எங்கள் சமையலறையிலிருந்து தெரிவது அதுதான்.

அப்படிக் கிறுக்கிய ஒரு தாளைக் கடையிலேயே மறந்து வைத்திருந்தபோதுதான் சயா அதைப் பார்த்தார். சயா என்றால் வாத்தியார். என்னைவிடப் பல வருடம் இளையவர், யுன்னானுக்குப் போய் மை ஓவியம் படித்துத் திரும்பியவர். பக்கத்துத் தெருவில் சீனர் சங்கத்துக் கூடத்தில் ஞாயிறுதோறும் பெரியவர்களுக்கு வகுப்பு எடுத்தார். தாள் வாங்க வந்தவர் என் கிறுக்கலைக் கையில் எடுத்து வெளிச்சத்தில் பிடித்தார். இது என்ன மலை என்று கேட்டார். மலையும் இல்லை மடுவும் இல்லை, எங்கள் பின்பக்கத்துச் சுவரில் குழாய் ஒழுகின கறை என்றேன். அவர் சிரிக்கவில்லை. ஞாயிற்றுக்கிழமை வாருங்கள் என்று சொல்லிவிட்டுப் போனார்.

போனேன். அந்த வகுப்பில் சீனர் அல்லாதவள் நான் ஒருத்திதான். மற்றவர்கள் மூங்கில் வரைந்தார்கள், இறால் வரைந்தார்கள், மேகத்துக்குள் பாதி மறைந்த மலை வரைந்தார்கள். யாரும் அந்த மலையைப் பார்த்ததில்லை, நானும்தான் பார்த்ததில்லை. ஆனால் சயா வரைவது வேறு. அவருடைய தாளில் மேம்பாலம் மலைமுகடு மாதிரி வளைந்து போகும், கட்டுமான கிரேன் பட்டுப்போன மரமாக நிற்கும், பனி இறங்க வேண்டிய இடத்தில் டீசல் புகை இறங்கும். பழைய ஓவியர்கள் தங்கள் முன்னால் இருந்த மலையை வரைந்தார்கள், நம் முன்னால் இருப்பது ஒயர், அதை வரையுங்கள் என்பார்.

இதைக் கேட்டதும் எனக்கு உள்ளே ஏதோ திறந்துகொண்டது. மழை ஓய்ந்த பிறகு ரங்கூன் சுவர்களைப் பார்க்க வேண்டும். மொட்டைமாடியிலிருந்து தெரு வரை கருப்பு வழிந்திருக்கும். பாசி, புகை, குழாய்க் கசிவு எல்லாம் சேர்ந்து யாரோ ஏற்கெனவே மை ஊற்றி வைத்த மாதிரி. பாறையைக் காட்ட அந்தக் காலத்துச் சீனர்கள் கண்டுபிடித்த கோடுகள் இருக்கின்றன. சணல் நாரைப் பிரித்துப் போட்டது போல ஒன்று, கோடாரியால் கொத்தியது போல ஒன்று. சயா அவற்றைச் சொல்லித் தந்தபோது, அட, இது எங்கள் கட்டடத்துக்காகவே செய்து வைத்தது அல்லவா என்று நினைத்தேன்.

அவர் கண்டிப்பாக வைத்திருந்த சட்டம் ஒன்றே ஒன்று. வெள்ளை வண்ணம் தொடக் கூடாது. முதல் வருடம் நான் ஒரு சின்னக் கிண்ணத்தில் வெள்ளை கரைத்து வைத்திருந்தேன், விட்டுப்போன இடத்தைச் சரிக்கட்ட. அவர் கிண்ணத்தை எடுத்துக்கொண்டு போய்த் தொட்டியில் கவிழ்த்துவிட்டு வந்தார்.

“இந்தத் தாள்ல வெளிச்சத்தைப் பூசறதில்லை. விட்டு வைக்கறது” என்றார்.

வகுப்பில் எல்லோரும் பேசியது பர்மிய மொழிதான், நான் தமிழில் சொல்கிறேன். அந்த வார்த்தையை நான் அப்படியே விழுங்கிவிட்டேன். எங்கே வெளிச்சம் வேண்டுமோ அந்த இடத்தை முதலிலேயே தொடாமல் விட வேண்டும். கருப்பு ஏறிவிட்டால் ஏறினதுதான், பிறகு அழுதாலும் வராது. சமையலில் உப்பு மாதிரி.

இனி அந்தப் படத்தைச் சொல்ல வேண்டும். எங்கள் வீடு ஏழாவது மாடி. லிஃப்ட் கிடையாது, படிதான். என் வீட்டுக்காரர் தன்லியினில் ஒரு தொழிற்சாலையில் வேலை பார்க்கிறார், பாலம் தாண்டி பஸ்ஸில் வர வேண்டும். ராணுவம் தெருவில் இறங்கி ஊர் கெட்டுக் கிடந்த நாட்களில் பஸ் எப்போது வரும், வருமா என்பதே தெரியாது. போன் எடுக்காது. மின்சாரம் போய்விடும். கடையை மூடிக்கொண்டு நான் தெருவில் வந்து நின்று அண்ணாந்து பார்ப்பேன். கட்டடம் முழுக்க இருட்டாக இருக்கும். ஏழாவது மாடியில் எங்கள் ஜன்னலில் மட்டும் சார்ஜ் விளக்கு எரிந்தால், மனுஷன் வந்துவிட்டார் என்று அர்த்தம். எரியாவிட்டால் நான் மேலே ஏற மாட்டேன். எதிர் டீக்கடையில் முக்காலி போட்டு உட்கார்ந்துவிடுவேன். ஒருநாள் டீக்கடைக்காரரே கடையை மூடிவிட்டுப் போய்விட்டார், நான் முக்காலியோடு அங்கேயே இருந்தேன். பிறகு அந்த ஜன்னல் எரிந்தது. மறு பக்கத் தெரு வழியாக வந்திருக்கிறார், என்னைப் பார்க்கவில்லை. அன்றைக்கு எனக்கு வந்த அழுகையை இந்த ஜென்மத்தில் மறக்க மாட்டேன். மேலே போய் அவரைத் திட்டித் தீர்த்தேன், அது வேறு விஷயம்.

அந்த ஜன்னலைத்தான் வரைந்தேன். ஆள் உயரத் தாளில் எங்கள் கட்டடம், பக்கத்துக் கட்டடங்கள், அவற்றின் தலையில் தண்ணீர்த் தொட்டிகள், டிஷ்கள், இடையில் தலைமுடிச் சிக்காக ஒயர்கள். ஒவ்வொரு பால்கனியிலிருந்தும் தெரு வரை தொங்கும் கயிறுகள். இந்த ஊரில் மாடி வீட்டுக்காரர்கள் எல்லோரும் ஒரு கயிற்றைக் கீழே விட்டிருப்பார்கள். நுனியில் கிளிப், மேல் நுனியில் மணி. கீழே இருந்து இழுத்தால் மேலே மணி அடிக்கும், பேப்பரோ பாலோ கிளிப்பில் மாட்டினால் மேலே இழுத்துக்கொள்வார்கள். அந்தக் கயிறு ஒவ்வொன்றையும் ஒரே மூச்சில் மேலிருந்து கீழ் வரை இழுத்தேன். பிறகு மை மேல் மையாகக் கருப்பு ஏற்றினேன். பல ஞாயிறு ஆனது. கடைசியில் தாளில் மிஞ்சியது ஒரு வெள்ளை, சுண்டுவிரல் நகம் அளவுக்கு. ஏழாவது மாடி ஜன்னல். அங்கே நான் தூரிகையையே கொண்டு போகவில்லை.

சயா அதன் முன்னால் வெகுநேரம் நின்றார். புத்தாண்டுக்குச் சங்கக் கூடத்தில் வருடா வருடம் நடக்கும் கண்காட்சியில் இது மாட்டப்பட வேண்டும் என்றார். அத்தனை வருடத்தில் என் படம் ஒன்றும் அந்தச் சுவரில் ஏறியதில்லை. கேட்டதும் இல்லை நான். ஆனால் அவர் சொன்னதும் எனக்கு அது எவ்வளவு வேண்டும் என்பது தெரிந்தது. அந்தச் சுவரில் அந்த ஜன்னல் எரிய வேண்டும், வருகிறவர்கள் அதை அண்ணாந்து பார்க்க வேண்டும். வேறு ஒன்றும் வேண்டாம்.

அடுத்த ஞாயிறு சங்கத் தலைவர் வந்து பார்த்தார். நல்ல மனிதர்தான், இல்லை என்று சொல்ல மாட்டேன். கூடத்தை வகுப்புக்குச் சும்மா கொடுத்தவர், எல்லோருக்கும் டீ வரவழைப்பவர். படத்தைப் பார்த்ததும் முகம் சுருங்கியது. புத்தாண்டு வருகிற நேரத்தில் இப்படி இருட்டாக ஒன்றை மாட்டினால் மங்களமாக இருக்காது என்றார். பிறகு குரலைத் தாழ்த்தி, பெரிய இடத்து ஆட்களும் வருவார்கள், ஊரே இருண்டு கிடக்கிற படத்தைப் பார்த்து யாராவது எதையாவது நினைத்துக்கொண்டால் சங்கத்துக்குத்தான் தலைவலி என்றார். கொஞ்சம் ஜன்னல்களில் விளக்கு ஏற்றிவிடுங்களேன், என்ன குறைந்துவிடும் என்றார்.

இந்தத் தாளில் கருப்பானதை வெளுக்க முடியாது, எங்கள் சயா சொல்லித் தந்திருக்கிறார் என்றேன். சயாவைப் பார்த்தேன். அவர் தூரிகை கழுவிக்கொண்டிருந்தார். ஏற்கெனவே சுத்தமான தூரிகை. கழுவிக்கொண்டே இருந்தார்.

விளக்கு ஏற்ற மாட்டேன், இப்படியே மாட்டுவதானால் மாட்டுங்கள், இல்லாவிட்டால் சுருட்டி வீட்டுக்குக் கொண்டுபோகிறேன் என்று சொன்னேன். குரல் கொஞ்சம் உயர்ந்துதான் போனது. தலைவர் போன பிறகு சயா என்னிடம், தான் பேசிக்கொள்வதாகவும், படத்தைச் சுருளாக ஒட்டித் தருவதற்குத் தன்னிடம் விட்டுப் போகும்படியும் சொன்னார். ஓவியத்துக்குப் பின்னால் பசை தடவித் தாள் ஒட்டி, மேலும் கீழும் கட்டை வைத்துச் சுருளாக்கும் வேலை அவருக்குத்தான் தெரியும். நம்பிக் கொடுத்தேன். நம்பாமல் என்ன செய்வது, என் சயா அல்லவா.

சில நாளில் செய்தி வந்தது, படம் மாட்டியாயிற்று என்று. கடையில் நின்றுகொண்டே சத்தமாகச் சிரித்துவிட்டேன். முதலாளியம்மா பயந்துபோய் எட்டிப் பார்த்தார். வீட்டுக்காரர் அன்றைக்கு லீவு போட்டார். நான் கல்யாணப் பட்டுப்புடவையைக் கட்டினேன். ரங்கூன் ஓரத்துத் தாகேதாவில் மரவீட்டில், துறைமுகத்தில் மூட்டை தூக்கினவர்கள் வம்சத்தில் பிறந்தவள் சீனர் சங்கச் சுவரில் ஏறப்போகிறாள் என்று எனக்குள் ஒரே தாம்தூம்.

கூடத்தில் விளக்குகள் ஜகஜ்ஜோதியாக எரிந்தன. எரியாமல் என்ன, வாசலில் ஜெனரேட்டர் அலறிக்கொண்டிருந்தது. வெளியே தெருவில் கரண்டு இல்லை. சிவப்பு விளக்குக் கூடுகள், ஆரஞ்சுப் பழம், புதுச்சட்டை போட்ட மனிதர்கள். என் படம் நடுச்சுவரில் இருந்தது. தூரத்திலிருந்தே பார்த்தேன், ஏதோ மின்னியது. முதலில் கண்ணாடி போட்டுவிட்டார்களோ என்று நினைத்தேன்.

கிட்டே போனேன். என் கட்டடத்தில் எல்லா ஜன்னலிலும் விளக்கு எரிந்தது. வெள்ளையில் துளி மஞ்சள் கலந்து, ஒவ்வொரு ஜன்னலிலும் ஒரு பொட்டு. பக்கத்துக் கட்டடங்களிலும்தான். படிக்கட்டுக்கு நேராகச் சுவரில் காற்றுக்காக விட்டிருக்கும் சின்னச் சின்னத் துவாரங்கள் உண்டே, அவற்றில்கூட விளக்கு! இந்த ஊரில் எந்தக் காலத்தில் ஐயா படிக்கட்டில் விளக்கு எரிந்தது? நாங்கள் கரண்டு இருக்கும் நாளிலும் பல்லைக் கடித்துக்கொண்டு சுவரைத் தடவி ஏறுகிறவர்கள். சயாவின் வீடு ஊருக்கு வெளியே, சொந்த வாசல், சொந்த ஜெனரேட்டர். எது வீட்டு ஜன்னல், எது படிக்கட்டு ஓட்டை என்பது அவருக்குத் தெரியவில்லை.

என் ஜன்னலைத் தேடினேன். அத்தனை வெளிச்சத்தில் எது என்று உடனே கண்டுபிடிக்க முடியவில்லை. கீழிருந்து மாடி எண்ணித்தான் கண்டேன். அதன் மேலும் அதே மஞ்சள். நான் பல ஞாயிறு தூரிகை படாமல் காத்த இடத்தில், மற்றதோடு மற்றதாக, ஒரு பொட்டு. வீட்டுக்காரர் என் தோளுக்குப் பின்னால் நின்று, நம்ம ஜன்னல் எது என்று கேட்டார்.

கீழே ஒட்டியிருந்த சீட்டில் படத்தின் பெயரையும் மாற்றியிருந்தார்கள். ‘பத்தாயிரம் வீட்டு விளக்குகள்’ என்று இருந்தது. சீனர்கள் ஊரின் செழிப்பைச் சொல்கிற வழக்கமான வார்த்தை அது. நான் வைத்த பெயர் ‘கரண்டு போன நேரம்’.

சயா வந்தார். உங்களுக்காகத்தான் செய்தேன், வேறு வழி இல்லை, அப்படியே மாட்டியிருந்தால் வகுப்பையே நிறுத்தியிருப்பார்கள் என்று மெதுவாகச் சொன்னார். ஒருவர் முகத்தையும் அவர் பார்க்கவில்லை. அதற்குள் தலைவர் மைக்கைப் பிடித்துவிட்டார். ஒளிமயமான நமது நகரம் என்றார், ஜெனரேட்டர் சத்தத்துக்கு மேலே கத்தி. நம் கலை யார் யாரையெல்லாம் இழுத்திருக்கிறது பாருங்கள், ஒரு கலாமாகூட இவ்வளவு அழகாக விளக்குகளை வரைந்திருக்கிறார் என்றார். கலாமா என்றால் இந்தியப் பெண். பிரியமாகவும் சொல்வார்கள், பிரியம் இல்லாமலும் சொல்வார்கள். அவர் பிரியமாகத்தான் சொன்னார். கூட்டம் கை தட்டியது. எனக்குக் கை கல்லாகிவிட்டது.

கூடத்தின் நடுவே ஒரு மேசை போட்டிருந்தார்கள். விருந்தினர்கள் சிவப்புத் தாளில் மங்கள எழுத்து எழுதுவதற்காக மை அரைத்துத் தயாராக வைத்திருந்தார்கள். பேச்சு முடிந்ததும் முதல் எழுத்தைத் தலைவர் எழுத வேண்டும் என்பது வழக்கம். அவர் வருவதற்கு முன் நான் போய்விட்டேன். மைக்கிண்ணத்தை இடது கையிலும், இருந்ததிலேயே சின்னத் தூரிகையை வலது கையிலும் எடுத்துக்கொண்டு நேராகச் சுவருக்கு வந்தேன். முந்தானையைச் செருகினேன். கீழ்மாடியிலிருந்து ஆரம்பித்தேன்.

முதல் ஜன்னலை அணைத்தேன். அடுத்ததை அணைத்தேன். யாரோ ஒரு பெண் இது நிகழ்ச்சியில் ஒரு பகுதி என்று நினைத்துக் கை தட்டினாள், பிறகு நிறுத்திவிட்டாள். சுருள் ஆடியது. ஆடும் தாளில் கோடு நிற்காது. திரும்பிப் பார்க்காமலே, யாராவது பிடியுங்கள் என்று சொல்ல நினைத்தேன், சொல்வதற்குள் ஆட்டம் நின்றுவிட்டது. வீட்டுக்காரர் குனிந்து கீழ்க்கட்டையை இரண்டு கையாலும் பிடித்துக்கொண்டிருந்தார். கல்யாணமான நாளிலிருந்து நான் செய்யும் எந்த வம்புக்கும் அவர் காரணம் கேட்டதில்லை.

தலைவர் ஓடி வந்தார்.

“என்ன செய்றீங்க நீங்க?”

“கரண்டு போயிடுச்சு தலைவரே” என்றேன்.

கூட்டத்தில் எங்கோ ஒரு வயதான சீனக் கிழவர் விழுந்து விழுந்து சிரித்தார். வேறு யாரும் சிரிக்கவில்லை. தலைவர் சயாவிடம் தடுக்கச் சொன்னார். சயா நகரவில்லை. தடுக்கவும் இல்லை, உதவவும் இல்லை, அவருக்கு அது பழகிவிட்டது என்று அப்போது நினைத்தேன். நான் மாடி மாடியாக ஏறிக்கொண்டிருந்தேன். வெள்ளை வண்ணத்தின் மேல் மை இறங்காது. கருப்பாகாமல் சாம்பலாக நின்றது. பரவாயில்லை, இப்போதுதான் அணைத்த ஜன்னல் அப்படித்தான் இருக்கும். படிக்கட்டு ஓட்டைகளை அணைக்கும்போது மட்டும் கொஞ்சம் அழுத்தியே வைத்தேன்.

எல்லாம் அணைந்தது. மிஞ்சியது ஏழாவது மாடி. மஞ்சள் பொட்டு.

அதை என்ன செய்வது? அணைக்கவும் முடியாது, அப்படியே விடவும் முடியாது. அது என் வெளிச்சம் இல்லை. தூரிகையை மேசையிலிருந்த தண்ணீரில் கழுவி வந்து, ஈரமாக வைத்து வைத்து வண்ணத்தைக் கரைத்து எடுக்கப் பார்த்தேன். கொஞ்சம் வந்தது. அடியில் தாள் தெரிகிறதா என்று பார்த்தேன். அந்த டீக்கடை முக்காலி ஞாபகம் வந்துவிட்டது. கோபம் எங்கே போனதோ தெரியவில்லை, கண் நிறைந்துவிட்டது, கை நடுங்க ஆரம்பித்தது. நகத்தால் மெதுவாகச் சுரண்டினேன். ஈரத்தாள் திரிதிரியாக உருண்டது. இன்னும் ஒருமுறை சுரண்டினேன். பொத்துக்கொண்டது. படம், பின்தாள் எல்லாவற்றையும் தாண்டி ஒரு ஓட்டை. அதற்குள் சங்கச் சுவரின் பச்சைச் சுண்ணாம்பு தெரிந்தது.

அழுதேன். எல்லோர் முன்னாலும்தான் அழுதேன், அதில் எனக்கு ஒரு வெட்கமும் இல்லை. வீட்டுக்காரர் எழுந்து, கம்பியிலிருந்து சுருளைக் கழற்றி, பாய் சுருட்டுவது போலச் சுருட்டிக் கக்கத்தில் வைத்துக்கொண்டார். தலைவர் மரியாதை குறையாமல் சொன்னார், இனி ஞாயிற்றுக்கிழமை சிரமப்பட்டு வர வேண்டாம் என்று. வரப் போவதில்லை என்று நானும் மரியாதையாகவே சொன்னேன். கிண்ணத்தை மேசையில் வைத்துவிட்டு வெளியே வந்தோம்.

எங்கள் தெரு இருட்டாக இருந்தது. வீட்டுக்காரர் சுருளை என் கையில் கொடுத்துவிட்டு, நீ இங்கேயே நில்லு என்று சொல்லி மேலே ஏறினார். எதற்கு என்று கேட்கவில்லை, எனக்குத் தெரியும். கொஞ்ச நேரத்தில் ஏழாவது மாடி ஜன்னல் எரிந்தது. எங்கள் கயிறு எனக்கு எதிரே தொங்கியது. சுருளைத் துணிப்பையில் போட்டுக் கிளிப்பில் மாட்டி இழுத்தேன். மேலே மணி அடித்தது. அவர் இழுக்க இழுக்கப் படத்திலிருந்த கட்டடம் எங்கள் கட்டடத்தின் சுவரோரமாக, இருண்ட ஜன்னல்களை ஒவ்வொன்றாகத் தாண்டி, மேலே போனது. நான் அண்ணாந்து பார்த்துக்கொண்டே நின்றேன்.

நான் ஏறி வந்தபோது அவர் படத்தைச் சமையலறைக் கொடியில் துணி மாதிரி விரித்துப் போட்டிருந்தார். சார்ஜ் விளக்கைத் தூக்கிக்கொண்டு அதன் பின்னால் போனார். எதையோ தேடுகிறவர் போல விளக்கை மேலும் கீழும் நகர்த்தினார். ஓட்டைக்கு நேரே வந்ததும் நிறுத்தினார். அந்தக் கருப்புத் தாளில், ஏழாவது மாடியில், ஒரே ஒரு ஜன்னல் எரிந்தது. சங்கச் சுவரிலும், வகுப்பு மேசையிலும் அது ஒருநாளும் அப்படி எரிந்ததில்லை.

“மீ லாபீ” என்றார் மறைவிலிருந்து. கரண்டு வந்ததும் இந்த ஊரே ஜன்னல் ஜன்னலாகக் கத்துகிற வார்த்தை அது. அவர் ரகசியம் போலச் சொன்னார். அழுத முகத்தோடு சிரித்துவிட்டேன். அன்றிலிருந்து படம் அங்கேயே தொங்குகிறது. கரண்டு போகும் வேளையில் விளக்கு அதன் பின்னால்தான். முன்னால் இருட்டில் கீரை ஆய்வது கஷ்டம்தான், ஆய்கிறேன்.

ஞாயிற்றுக்கிழமை இல்லாமல் போனது வலிக்கவில்லை என்று சொன்னால் பொய். அந்தப் பெரிய மேசை, அந்த மை வாசம், தாளை நீவி விடும்போது வரும் சத்தம் எல்லாவற்றுக்கும் ஏங்கினேன். சமையலறைத் தரையில் தாள் விரித்து வரைந்தேன். முழங்கால் விட்டுப்போனது. வரைந்தேன். ஓரம் பூத்த தாளுக்குப் பஞ்சமில்லை.

புத்தாண்டு முடிந்து ஒரு மாலை சயா வந்தார். கரண்டு இல்லாத வேளை. படிக்கட்டில் கைப்பேசி வெளிச்சம் ஆடி ஆடி வருவதைக் கதவிடுக்கில் பார்த்தேன். நடுவில் எங்கோ யாரோ முட்டிக்கொண்டு ‘ஸ்ஸ்’ என்பது கேட்டது, கதவைத் திறந்தேன். மூச்சு வாங்க நின்றார். முழங்காலைத் தேய்த்துக்கொண்டார். படிக்கட்டில் விளக்கு இல்லையா என்று கேட்டார். கேட்டுவிட்டு, தானே நிறுத்திக்கொண்டார். அந்த இருட்டிலும் அவர் முகம் போன போக்கு எனக்குத் தெரிந்தது. நான் சொல்ல வேண்டியதைப் படி சொல்லிவிட்டது.

டீ கொடுத்தேன். தப்பு செய்துவிட்டேன் என்றார். தலைவரிடம் பேசியிருப்பதாகச் சொன்னார். ஒரு வார்த்தை வருத்தம் தெரிவித்தால் போதுமாம், மறுபடியும் வகுப்புக்கு வரலாமாம், படத்தைச் சத்தமில்லாமல் ஓர் ஓரத்தில் மாட்டவும் சம்மதமாம். ஓட்டையோடு மாட்ட முடியாது என்பது மட்டும்தான். அதைத் தானே சரிசெய்து தருவதாகச் சொன்னார். பின்னாலிருந்து புதுத் தாள் வைத்து ஒட்டினால் ஒட்டு தெரியாது, வண்ணம் ஒரு துளி வைக்க மாட்டேன், நீங்கள் விட்டு வைத்த மாதிரியே வெறும் தாள் வெள்ளை, சத்தியம் என்றார்.

கொஞ்சம் ஆடித்தான் போனேன். நான் கேட்டதே அதுதானே, அந்தச் சுவரில் அந்த வெள்ளை. மேசை வேண்டும். ஞாயிறு வேண்டும். ஒரு வார்த்தை வருத்தம், வாயில் வராத வார்த்தையா அது?

சயா எழுந்து, அளவு பார்ப்பதற்காகப் படத்தின் அருகே போனார். இருட்டில் ஓட்டை எங்கே என்று விரலால் தடவித் தேடினார். அதற்குள் தன்லியினிலிருந்து வந்து சேர்ந்திருந்த என் வீட்டுக்காரர், சட்டையைக்கூடக் கழற்றாமல், படத்துக்குப் பின்னால் போய்ச் சார்ஜ் விளக்கைப் போட்டார். ஜன்னல் எரிந்தது. சயாவின் விரல் அதன் மேல் இருந்தது. விரலோரம் சிவப்பாகத் தெரிந்தது.

“மூடாதீங்க சயா” என்றேன். “அங்க ஆள் இருக்கு.”